துரை வண்டியின் நாலு சக்கரம்

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் தாணுமாலையனின் பாத்திரப் பட்டறை எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். அங்கே பாலிஷ் போடுகிறவன் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இருபத்து மூன்று வருஷமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த நயினாருக்கு இதில் வருத்தம் இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் பஸ் ஏறி வந்தவன். மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் அலுமினியப் போணியையும் பித்தளைக் குடத்தையும் அழுத்திப் பிடித்துவிட்டுச் சாயங்காலம் எழுந்திருக்கும்போது, பல்லும் கண்ணும் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கும். திருவனந்தபுரத்தில் பாதி அடுக்களையில் அவன் கைபட்ட பாத்திரம் உண்டு. ஆனால் அதைக் கழுவிக் கவிழ்த்துகிற எந்தப் பெண்மணியாவது, இதற்கு இந்தப் பளபளப்பைக் கொடுத்த மகராசன் யாரோ என்று ஒரு நாள் நினைத்திருப்பாளா? நினைக்க மாட்டாள். அவளுக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவனைத் தேடிக்கொண்டு எழுபத்தொன்பதாம் வருஷம் மார்கழிக் கடைசியில் ஒருவர் பட்டறைக்குள் வந்தார். ஸ்ரீவராகம் அக்ரகாரத்து ஸ்ரீனிவாசன். செக்ரடேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் வாடகைக் கார் நின்றது. அதன் பின்சீட்டில் சாக்குப் பையில் சுற்றி ஏதோ கனமாக வைத்திருந்தார். அவிழ்த்தால் ஒரு கார்ச் சக்கரம். டயர் இல்லாமல், எட்டு அகலமான ஆரக்கால்களோடு, அலுமினியத்தில் வார்த்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதன்மேல் வெள்ளிப் பெயின்ட் பூசியிருந்தான். பெயின்ட் பெயர்ந்த இடத்திலெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாக இருந்தது.

விஷயம் இதுதான். ஸ்ரீனிவாசனின் ஒரே மகள் விஜயலக்ஷ்மிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை நாகேஸ்வரனுக்குப் பம்பாயில் பாங்க் உத்தியோகம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னால் போக, தெருத் தெருவாக அழைத்து வருவார்கள். ஜானவாசம் என்று பெயர். மற்றவர்கள் அதற்குக் கார் தேடி அலைவார்கள். ஸ்ரீனிவாசனுக்கு அந்தக் கவலை இல்லை, வீட்டிலேயே ஒன்று இருந்தது. மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது வக்கீலாக இருந்த அவருடைய அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பிரெஞ்சு வண்டி. கூரையை மடக்கிவிடலாம். அதன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அக்ரகாரத்தில் எல்லோருக்கும் அது துரை வண்டி. பன்னிரண்டு வருஷம் ஷெட்டில் கிடந்ததை யோசுவா என்ற மெக்கானிக் மூன்று மாதம் பாடுபட்டு ஓட வைத்துவிட்டார். உடம்புக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தாயிற்று. சக்கரம்தான் பாக்கி. மறுபடியும் வெள்ளிப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று பெயின்டர் சொன்னான். ஸ்ரீனிவாசனுக்கு மனசில்லை. சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போனபோது அந்தச் சக்கரத்தில் தெரு முழுக்கத் தெரியும் என்று சொன்னார்.

தாணுமாலையன் முதலாளி தலையைச் சொறிந்தார். இது பாத்திரப் பட்டறை, மோட்டார் சாமானெல்லாம் நமக்கு வழக்கமில்லை என்றார். நயினார் எழுந்து வந்து சக்கரத்தின் ஓரத்தில் ஓரிடத்தை நகத்தால் சுரண்டினான், சுரசுரப்பான எமரித் துணியை வைத்து நாலு இழுப்பு இழுத்தான், பிறகு ஒரு துண்டுத் துணியில் பாலிஷ் மெழுகைத் தொட்டுத் தேய்த்தான். கால்ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம் கண்ணாடியாக வெளியே வந்தது. ஸ்ரீனிவாசன் குனிந்து அதில் தன் மூக்கைப் பார்த்தார். நிமிர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை.

"உன் பேர் என்னவாக்கும்?"

பட்டறைக்குள் வந்து அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நயினார் பெயரைச் சொன்னபோது அவனுக்கே குரல் கொஞ்சம் மாறிப்போயிருந்தது.

வேலை மூன்று வாரம் பிடித்தது. சும்மா சொல்லக் கூடாது, அவன் உயிரைக் கொடுத்துத்தான் செய்தான். பாத்திரத்தைக் கையில் பிடிக்கலாம். இதைப் பிடிக்க முடியாது. உத்தரத்தில் கயிறு கட்டிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, தொடையால் அணைத்துக்கொண்டு, சுழலும் துணிக்குக் காட்டினான். ஆரக்கால்களுக்கு நடுவிலும், போல்ட் மாட்டுகிற துளைகளைச் சுற்றியும் மோட்டார் போகாது. அங்கெல்லாம் விரல்தான். எமரி, அதைவிட நைசான எமரி, பிறகு மெழுகு, பிறகு வெறும் துணி, கடைசியில் அரிசி மாவு. ஒரு சக்கரத்துக்கு ஐந்து நாள். பகலில் குடமும் போணியும், சாயங்காலம் மூன்று மணி நேரம் சக்கரம்.

அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள்தான் அது நடந்தது. பெயின்டையும் உப்பையும் எடுத்தபின், ஒரு போல்ட் துளையின் பக்கத்திலிருந்து ஆரக்காலின் அடியை நோக்கி, அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி பருமன் இருக்கும். நயினாருக்கு அது ஒன்றும் புதிதில்லை. வார்த்த பாத்திரத்தில் இப்படி எத்தனையோ வரும். உருண்டை முனைக் கம்பியை வைத்து அழுத்தி இழுத்தால் அலுமினியம் மெழுகுபோல் இளகிக்கொடுத்துக் கோட்டை மூடிக்கொள்ளும். அதன்மேல் பாலிஷ் ஏறிவிட்டால் தண்ணீர் ஊற்றினாலும் கசியாது. முதலாளி வாங்கிவைத்த சரக்கில் ஓட்டைப் பாத்திரம் என்று ஒன்று திரும்பி வந்ததில்லை என்றால் அதற்கு அவன் கைதான் காரணம். இதையும் அதேபோல் நாலு இழுப்பில் மூடினான். கல்யாண வண்டி, குறை தெரியக் கூடாது என்று இன்னும் இரண்டு இழுப்பு கூடவே இழுத்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

சக்கரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று ஸ்ரீவராகத்தில் நடந்ததை அவன் மனைவி வடிவம்மாளிடம் மூன்று தடவை சொல்லியிருப்பான். யோசுவா டயரை ஏற்றி, வண்டியில் மாட்டி, வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியதும் தெருவே கூடிவிட்டது. சக்கரத்தில் எதிர் வீட்டு வாசல் கோலம் தெரிந்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஸ்ரீனிவாசன், நயினார் செய்தது, சாலையில் நயினார் என்று கேட்டுப் பாருங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டே நாளில் கவடியாரிலிருந்து ஒரு டாக்டர் தன் காரின் பம்பரைக் கழற்றிக்கொண்டு வந்து, நயினார் யார் என்று கேட்டார். தாணுமாலையனுக்குக் கேட்கவா வேண்டும்? பட்டறைக்குப் பக்கத்து அறையைக் காலி பண்ணி, தனியாக ஒரு மோட்டார் போட்டு, கார் சாமான் வேலையை நயினார் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார். வாசலில் போர்டு. போர்டில் 'நயினார் மோட்டார் பாலிஷ்'. வடிவம்மாள் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லியாயிற்று. நயினார் போர்டு எழுதுகிறவனிடம் போய் எழுத்தெல்லாம் பார்த்துவிட்டு வந்தான். நாற்பது வயதில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை, அதில் தப்பும் இல்லை.

ஜானவாசத்துக்கு ஸ்ரீனிவாசன் அவனை அவசியம் வரச் சொல்லியிருந்தார். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனான். மாப்பிள்ளை கோட்டும் டையுமாக வண்டியில் உட்கார்ந்திருந்தான், மடியில் யார் வீட்டுக் குழந்தைகளோ நாலைந்து. கியாஸ் விளக்குகள் இருபக்கமும் வர, நாலு சக்கரமும் நாலு நிலவாக உருண்டன. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்களோ இல்லையோ, சக்கரத்தைப் பார்த்தார்கள். நயினார் வண்டியின் பக்கவாட்டில், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த யோசுவாவோடு பேசிக்கொண்டே நடந்தான். நடக்கிற வேகம்தானே.

யோசுவா மார்த்தாண்டத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். முன்பு மலைத் தோட்டங்களில் லாரி ஓட்டியவர். அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை இந்த வண்டியில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பொன்முடி மலைக்குப் போகப் போகிறார், அவரே ஓட்டுவாராம். அடிவாரத்து வித்துரா வரைக்கும் கவலையில்லை. அதுக்கு மேலே இருபத்திரண்டு வளைவு. ஒருகாலத்தில் இதே மாதிரிச் சக்கரம் போட்ட வண்டி வேறொரு தோட்டத்தில் இருந்தது என்றார். சக்கரத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. முடி மாதிரி. யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் வளைவில் திருப்பும்போது ஆரக்கால் அடியோடு கழன்று, வண்டி கீழே தேயிலைக்குள் போய்விட்டது. இரண்டு பேர் பிழைக்கவில்லை. அலுமினியம் இரும்பு மாதிரி வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, கோடு விழுந்தால் அப்படியே முறிந்துவிடும் என்று யோசுவா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே கியரை மாற்றினார்.

"நீரு அங்குலம் அங்குலமா தேய்ச்சவரு. கோடு கீடு உண்டும்னா சொல்லியிருப்பீருல்லா?"

நாதஸ்வரக்காரர் நின்று ஒரு கீர்த்தனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீனிவாசன் யாரோ ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்து, இவன்தான் நயினார் என்று காட்டினார். பெரிய மனிதர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நயினாரும் சிரித்தான். பிறகு யோசுவா பக்கம் திரும்பி, "ஒண்ணும் இல்ல" என்றான்.

அந்த இரண்டு வார்த்தை வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. கேட்டார், சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் மேளமும் கேட்கவில்லை, விளக்கும் தெரியவில்லை. தெருமுனை திரும்புவதற்குள் வேட்டி வேர்வையில் நனைந்துவிட்டது.

மறுநாள் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டில் இருந்த நேரம் பார்த்து நயினார் வண்டியருகே போய்க் குந்தினான். கோட்டைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது. அந்தச் சக்கரத்தை மட்டும் கழற்றச் சொல்லிவிடலாம், ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. போல்ட் துளையின் பக்கம் என்பது நினைவிருந்தது. எந்தச் சக்கரம்? அது நினைவில்லை. ஒவ்வொன்றாகக் கயிற்றில் தொங்கினது, இறங்கினது, எதற்கும் அவன் அடையாளம் போடவில்லை. பாத்திரத்துக்கு யார் அடையாளம் போடுவார்கள்? நகத்தால் தடவினான். நாக்கால் ஈரம் தொட்டுத் தடவினான். துண்டால் நிழல் கட்டிப் பார்த்தான். நாலு சக்கரத்திலும் அவன் முகம்தான் தெரிந்தது. பரிசாரகர் ஒருவர் அந்தப் பக்கம் வந்து, போதும் ஓய், உம்ம வேலைமேல் நீரே கண் வைக்காதேயும் என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஸ்ரீனிவாசனிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை கிட்டே போனான். தாலி கட்டி மூன்று மணி நேரம்கூட ஆகாத வீட்டில் போய், உங்கள் மகள் போகிற வண்டிச் சக்கரம் உடையும் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அந்த வீட்டுப் பெண்கள் அவனை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள். ஸ்ரீனிவாசனே வந்து அவன் இலையில் பாயசம் விடச் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சாப்பிட்டுவிட்டு அவன் சொல்லாமலே வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொன்னான். தாணுமாலையன் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் வியாபாரி. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். கோடு என்றால் எல்லாம் விரிசலா, வார்ப்பில் விழுந்த கீறலாக இருக்கலாம், அத்தனை வருஷம் மலையில் ஓடின வண்டிதானே என்றார். நீயாகப் போய் வாயைக் கொடுத்தால், கார்ச் சக்கரத்து விரிசலைப் பூசி மறைக்கிற பட்டறை என்று ஊர் பேசும், அந்த டாக்டர் பம்பரைக்கூடத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றார். போர்டு எழுதி வந்துவிட்டது என்றும் சொன்னார். அது உண்மைதான். பக்கத்து அறையில் சுவரில் சாய்த்து வைத்திருந்தது.

வீட்டுக்குப் போய் நயினார் சோற்றைத் தொடவில்லை. வடிவம்மாள் என்ன என்று கேட்டாள், சொன்னான். அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள். லைன் வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்தவள் அவள்தான். ஆனாலும், "போர்டு கெடக்கட்டும். வெள்ளன எந்திரிச்சுப் போயிருங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவன் ஸ்ரீவராகத்தில் சைக்கிளை நிறுத்தியபோது வண்டி வாசலில் தயாராக நின்றது. ஹாண்டில்பாரில் ஒரு தகர டப்பா தொங்கியது. அதற்குள் காஸ்டிக் சோடா, பட்டறையில் அடிப்பிடித்த பாத்திரங்களின் அழுக்கெடுக்க வைத்திருப்பது. யோசுவா ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்தார். நாகேஸ்வரன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தயாராக இருந்தான். ஸ்ரீனிவாசன், வா நயினார், வழியனுப்ப வந்தியோ என்றார்.

நயினார் சொன்னான். சுற்றி வளைக்காமல், கம்பியால் கோட்டை மூடியதையும், ஜானவாசத்தன்று யோசுவாவிடம் பொய் சொன்னதையும், எந்தச் சக்கரம் என்று இப்போது தெரியவில்லை என்பதையும் சொன்னான். யோசுவாவின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. ஸ்ரீனிவாசன் குனிந்து நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். நாகேஸ்வரன் சிரித்தான். இந்தச் சக்கரத்திலா விரிசல், இதில் என் மீசையைத் திருத்திக்கலாமே என்றான்.

யோசுவாவுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. மண்ணெண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே மாவு தூவினால், விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து மாவில் ஈரக்கோடு போடும். மாவுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது, வாசலில் நின்றிருந்த விஜயலக்ஷ்மி உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். புதுப்புடவையோடு அவளே தூவினாள். நாலு சக்கரமும் வெள்ளையாயின. கால் மணி நேரம் பார்த்தார்கள். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"அப்போ ஒண்ணும் இல்லியே" என்றான் நாகேஸ்வரன்.

"எண்ணெய் உள்ள போகாது சாமி" என்றான் நயினார். "வாயை நான் அடைச்சாச்சு. மேல்தோலை எடுத்தாத்தான் தெரியும். இந்தச் சோடாக் காரத்தைப் போட்டா எடுத்துரும். ஆனா கறுத்துப் போயிரும்."

ஸ்ரீனிவாசன் மெதுவாகக் கேட்டார். "பின்னால திரும்பப் பாலிஷ் போட முடியுமோல்லியோ?"

"போடலாம். போட்டா திரும்பவும் மூடிக்கிடும்."

ஸ்ரீனிவாசன் ஒரு நிமிஷம் தெருவைப் பார்த்தார். எதிர்வரிசை வீடுகளில் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். சரி, பண்ணு என்றார். அவர் முகம் சிவந்திருந்தது, அது வெயிலால் இல்லை.

பின்பக்கம் இடதுசக்கரத்தில் ஆரம்பித்தான். யோசுவா கழற்றித் தரையில் கிடத்தினார். காரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தேங்காய் நாரில் தொட்டு இழுத்ததும் நுரை பொங்கியது, நாற்றம் மூக்கை அடைத்தது. அவன் ஐந்து நாள் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த பளபளப்பு ஐந்து நிமிஷத்தில் பழைய இரும்புச் சட்டி நிறத்துக்கு வந்தது. எதிர் வீட்டுக்காரர் ஒருவர் ஐயோ என்று சத்தமாகவே சொன்னார். நயினார் தலையைத் தூக்கவில்லை. கழுவினான், துடைத்தான், மண்ணெண்ணெயை ஊறவிட்டான், துடைத்தான். விஜயலக்ஷ்மி மாவு தூவினாள்.

கோடு வந்தது. போல்ட் துளையிலிருந்து ஆரக்கால் அடிக்கு, அவன் சொன்ன இடத்தில், சொன்ன நீளத்தில்.

அதற்கப்புறம் அங்கே இருந்த காற்றே மாறிவிட்டது. நாகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நயினாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். யோசுவா சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்ரீனிவாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. நீ சொல்லாட்டி என்னவாயிருக்கும், நன்னா இருப்பே நயினார் என்றார். எதிர் வரிசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னால் ஸ்டெப்னி இருந்தது, இதுவரை ரோட்டில் இறங்காதது, பெயின்ட் காணாத சுத்தமான சக்கரம். யோசுவா அதைச் சோதித்து மாட்டிவிட்டார். பெண்ணின் பையைப் பின்சீட்டில் வைத்தாயிற்று. இன்னும் வெயில் ஏறவில்லை, பத்து மணிக்குள் வித்துரா போய்விடலாம் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று சக்கரம் இன்னும் நிலவாகத்தான் இருந்தன. நயினாரின் பெயர் கெடவில்லை, இன்னும் சொல்லப்போனால் ஒரு சுற்று கூடித்தான் இருந்தது.

அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கம் போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போணிக்குப் பாலிஷ் போடும்போது அவன் கண்ணால் பார்த்தா போடுகிறான்? விரல் சொல்லும், இங்கே ஒரு பள்ளம் என்று. அது சொல்லி முடிப்பதற்குள் விரலே அதை மூடியும்விடும். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், மனசு ஊரில் இருக்கும். இரண்டாவது சக்கரத்தின்போதே, பின்னால் வந்த கவடியார் டாக்டர் மாதிரி யாராவது வருவார்களா என்ற நினைப்பு வந்துவிட்டது. கடைசிச் சக்கரத்தின்போது மனசு பட்டறையிலேயே இல்லை, ஜானவாசத்தில் நடந்துகொண்டிருந்தது.

நாகேஸ்வரன் சாவியைத் திருப்பினான். நயினார் வண்டிக்கு முன்னால் போய் நின்றான்.

"மத்த மூணையும் பாத்துரணும் சாமி."

ஸ்ரீனிவாசன் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். "நீ பார்த்தது ஒண்ணுதான்னு சொன்னியே."

"கண்ணு பாத்தது ஒண்ணு. கை எத்தனையை மூடிச்சுன்னு எனக்குத் தெரியாது."

இந்தத் தடவை யாருக்கும் அவன்மேல் இரக்கம் வரவில்லை. நாகேஸ்வரன் எரிந்து விழுந்தான். மூணு நாள் கழித்துப் பம்பாய் ரயில், போவதற்கு இருக்கிறது இன்று ஒரு நாள், அதையும் இந்த ஆள் கெடுக்கிறான் என்றான். ஸ்ரீனிவாசனுக்குக் கோபம் அடங்கவில்லை. அப்பா வண்டியை வெளங்காமல் அடிக்க வேண்டும் என்றே கிளம்பி வந்திருக்கியா என்று கேட்டார். நன்னா இருப்பே என்று சொன்ன வாய்தான் அது. நயினார் வண்டிக்கு முன்னாலிருந்து விலகவில்லை. யோசுவா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒருவரையும் கேட்காமல் ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் வைத்தார்.

பின்பக்கம் வலது. நுரை, நாற்றம், கறுப்பு. மாவு தூவினார்கள். ஒன்றும் இல்லை. முன்பக்கம் இடது. ஒன்றும் இல்லை. நாகேஸ்வரன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்தான். எதிர்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்ல சக்கரம் இரண்டைக் காரணமில்லாமல் நாசம் பண்ணியாயிற்று. இனி இந்த ஊரில் யார் அவனை நம்பி ஒரு கரண்டியையாவது கொடுப்பார்கள்?

கடைசிச் சக்கரம், முன்பக்கம் வலது, ஓட்டுகிறவர் பக்கம். நாரை அதன்மேல் வைத்தபோது நயினார் மனசுக்குள் கும்பிட்டான். இதிலாவது இருக்கட்டும், ஒரு கோடு இருக்கட்டும் என்று கும்பிட்டான். பாதியில்தான் அவனுக்கு உறைத்தது, எதற்காகக் கும்பிடுகிறோம் என்று. தன் பெயர் பிழைப்பதற்காக, ஒரு பெண் உட்கார்ந்து போகிற வண்டியின் சக்கரத்தில் விரிசல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். சீ என்று வந்தது. இல்லாமல் போகட்டும், நான் முட்டாளாகிப் போகிறேன், இல்லாமல் போகட்டும் என்று மாற்றிக் கும்பிட்டான். எந்த வேண்டுதல் உண்மை என்று அவனால் சொல்ல முடியவில்லை. கழுவினான். துடைத்தான். மண்ணெண்ணெய் ஊறுகிற நேரம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான்.

விஜயலக்ஷ்மி மாவைத் தூவிவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மாவில் ஒரு புள்ளி கறுத்தது. அது நீண்டது. ஒரு போல்ட் துளையிலிருந்து அடுத்த துளை வரைக்கும், அங்கிருந்து திரும்பி ஆரக்காலுக்குள் இரண்டு விரல் நீளம், நிதானமாக ஈரம் ஏறிக்கொண்டே போனது. முதல் சக்கரத்தில் இருந்ததைப்போல் ஐந்தாறு மடங்கு.

படியில் இருந்த நாகேஸ்வரன் எழுந்து வந்து பார்த்தான். விஜயலக்ஷ்மி விரல் நுனியால் அந்தக் கோட்டைத் தொட்டாள். பிறகு எழுந்து, பின்சீட்டிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நாகேஸ்வரன் சாவியைக் கொண்டுபோய் யோசுவாவின் கையில் கொடுத்தான்.

ஸ்ரீனிவாசன் சக்கரத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"இதை எப்போ மூடினே நயினார்?"

நயினார் யோசித்துப் பார்த்தான். கம்பியை எடுத்ததோ, அழுத்தினதோ, எந்த நாள் என்பதோ ஒன்றுகூட நினைவில் இல்லை. இவ்வளவு பெரிய கோட்டை அவன் ஜென்மத்தில் பார்த்ததே இல்லை. தொடைமேல் கிடந்த இரண்டு கையும் காரம் பட்டு வெந்து, நுனியெல்லாம் வெளுத்திருந்தன.

"தெரியலை சாமி" என்றான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.